கரித்துண்டை வைத்து வயது சொல்வது எப்படி?

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமாதிரிக்குப் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 580 என்று எப்படிச் சொன்னார்கள் என்பதுதானே கேள்வி? உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரியை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்ததும் வரவு நின்று, உள்ளே இருக்கும் கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுக்கொருமுறை பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்து வயதைக் கணக்கிடுவார்கள்.

மாதிரியை முதலில் அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவுவார்கள். மண்ணின் சுண்ணாம்பும் மட்கும் ஒட்டியிருந்தால் கணக்கு கெடும். பிறகு ஏ.எம்.எஸ். (முடுக்கி நிறைமாலைமானி) என்ற கருவி கார்பன்-14 அணுக்களையே எண்ணும். சில மில்லிகிராம் போதும்.

வரும் எண் நேரடி ஆண்டல்ல. மரவளையங்களைக் கொண்டு வரைந்த வளைகோட்டில் அதைப் பொருத்த வேண்டும். வம்பு இங்கேதான்: பொ.ஆ.மு. 800 முதல் 400 வரை அந்தக் கோடு கிட்டத்தட்டத் தட்டை. ஒரே அளவுக்குப் பல நூற்றாண்டுகள் பொருந்தும், அதனால் ஒற்றைத் தேதியைவிட வீச்சைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, முதிர்ந்த மரத்தின் வைரப்பகுதி (நடுக்கட்டை), அது எரிந்த காலத்தைவிடப் பழைய தேதி காட்டும். நெல்லோ ஒரே பருவத்தில் விளைவது; அதனால் கருகிய நெல் கிடைத்தால் அதையே அனுப்பலாம்.