நம் மண்ணைப் படிக்க அயல்நாடா?

கேள்வி: இளங்கலை வரலாறு இறுதியாண்டு படிக்கிறேன். தெற்காசிய ஆய்வியலில் முதுகலைப் பட்டத்தை வெளிநாட்டில் படிக்க ஆசை. தஞ்சை மராட்டியர் காலம் எனக்குப் பிடித்த பகுதி. "நம் ஊரைப் பற்றிப் படிக்க எதற்கு அவ்வளவு தூரம்?" என்று அப்பா கேட்கிறார். லண்டனா, ஜெர்மனியின் ஹைடல்பர்க்கா என்பதிலும் குழப்பமாக இருக்கிறது. – வாசகி, கும்பகோணம்

பதில்: அப்பாவின் கேள்வி நியாயமானது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் பார்க்காமலே வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களை நான் அறிவேன், அது முறையன்று. ஆனால் நம் ஊரின் ஆவணங்கள் எல்லாம் நம் ஊரிலேயே தங்கிவிடவில்லை. உங்களுக்குப் பக்கத்திலுள்ள தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு காலத்துத் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்று ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோப்புகளோ லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அதோடு லாகூரிலிருந்தும் காத்மாண்டுவிலிருந்தும் வந்த மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே நூலைப் பற்றி வாதிடும் வாய்ப்பு இங்கே எளிதில் கிடைப்பதில்லை.

எந்த ஊர் என்பதற்கு முன்னால், எந்த மொழி என்று முடிவு செய்யுங்கள். இதைத்தான் பலரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். தமிழ் உங்கள் கைமுதல். ஆனால் தஞ்சை அரண்மனைக் கணக்குகளில் பெரும்பகுதி, மோடி எனப்படும் பழைய கூட்டெழுத்து வடிவில் எழுதப்பட்ட மராத்தி. அதைப் படிக்கத் தெரியாமல் அந்தக் காலத்தை ஆராயப் புறப்பட்டால், பிறர் மொழிபெயர்த்துத் தந்த அளவுக்குத்தான் உங்களால் போக முடியும். 1781 வரை டச்சுக்காரர் வசமிருந்த நாகப்பட்டினத்தைப் பற்றி எழுத விரும்புபவருக்கு டச்சு மொழி வேண்டும். உங்கள் கேள்வி எந்த மொழியைக் கேட்கிறதோ, அந்த மொழியையும் அதில் தேர்ந்த ஆசிரியரையும் எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

லண்டனில் சோவாஸ் (ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்வி நிறுவனம்) போன்ற இடங்களில் முதுகலை ஓராண்டுதான். பாடங்களும் ஆய்வேடும் அந்த ஓராண்டுக்குள் முடிந்தாக வேண்டுமென்பதால் புதிய மொழியொன்றை அடியிலிருந்து கற்று ஆவணம் படிக்கும் அளவுக்கு வருவது கடினம். 1962-இல் தொடங்கப்பட்ட ஹைடல்பர்க் தெற்காசிய நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள், அதாவது நான்கு பருவங்கள். முனைவர் பட்டம்வரை போகும் எண்ணமிருந்தால் இரண்டாண்டுப் படிப்பே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: மேலே எழுதியவரின் தந்தை நான். செலவு எவ்வளவு ஆகும்? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: ஐயா, ஹைடல்பர்க் இருக்கும் மாநிலத்தில் நம் நாட்டு மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம். விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதந்தோறும் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும்; இந்தத் தொகை அவ்வப்போது உயர்த்தப்படுவதால் விண்ணப்பிக்கும்போது சரிபார்த்துக் கொள்ளுங்கள். நம் கல்விச் சான்றுகளை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்துவிட வேண்டும். லண்டன் கட்டணம் இதைவிடப் பல மடங்கு. உதவித்தொகை கிடைக்காவிட்டால் போக வேண்டாம் என்றே சொல்வேன். நிலத்தை அடகு வைத்துப் படிக்க வேண்டிய படிப்பு இதுவன்று. பொறியியல் படித்தவருக்கு வருவதுபோல் வேலை தானாக வராது. ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பதிப்பகம், கல்லூரி ஆசிரியப் பணி என்று தேடிப் போக வேண்டும். பிரிட்டனின் ஓராண்டு முதுகலையை ஏற்பதற்கு 2022-இல் இந்தியா உடன்பட்டிருக்கிறது. ஆனாலும் இங்கே ஆசிரியப் பணிக்கு நெட், செட் என்னும் விரிவுரையாளர் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும்.

கேள்வி: பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையில் என்ன எழுத வேண்டும்? – மாணவர், நாகர்கோவில்

பதில்: சென்ற ஆண்டு ஒரு மாணவி தம் அறிக்கையைத் திருத்தக் கொடுத்தார். முதல் இரண்டு பத்திகள் முழுக்கத் தமிழர் பண்பாட்டின் பெருமை. மூன்றாம் பத்தியின் நடுவே ஒரே ஒரு வரி: பாட்டி வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு பழைய பத்திரம் கிடந்ததாகவும், அதிலிருந்த எழுத்தை வீட்டில் ஒருவராலும் படிக்க முடியவில்லை என்றும். அந்த வரியை முதல் வரியாக்கி, பெருமையைப் பேசிய இரண்டு பத்திகளையும் நீக்கிவிடச் சொன்னேன். உங்களிடமும் அப்படி ஒரு வரி இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.