ஆபரேஷன் பயம்: அப்பாவிடம் எதை மறைக்கக் கூடாது?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. அடுத்த வாரம் வேலூரில் பைபாஸ் ஆபரேஷன். "மயக்க ஊசி போட்டா எழுந்திருக்கவே மாட்டேன்" என்று இரவெல்லாம் விழித்திருக்கிறார். உறவினர் ஒருவர் ஆபரேஷன் முடிந்து ஆள் மாறிப்போய் உளறியதைப் பார்த்ததிலிருந்து இப்படித்தான். "சின்ன ஆபரேஷன்தான்பா" என்று சமாளிக்கிறோம். சரியா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: சமாளிக்காதீர்கள். நெஞ்செலும்பைத் திறந்து செய்வதைச் சின்னது என்றால் அவர் நம்பமாட்டார். அடுத்து நீங்கள் சொல்லும் நல்லதையும் நம்பமாட்டார். "எதை நினைச்சா பயமா இருக்குப்பா?" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள். மயக்க ஊசிதான் பயம் என்றால், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் பரிசோதிக்கும்போது அவரையே கேட்கச் சொல்லுங்கள். தூக்கமில்லாததையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கித் தர வேண்டாம்.

ஐசியுவில் கண் விழிக்கும்போது வாயில் சுவாசக் குழாய் இருக்கலாம், பேச வராது. குழாயை எடுத்ததும் பேச்சு வந்துவிடும். இது முன்பே தெரியாவிட்டால் 'குரலே போச்சு' என்று மிரண்டுவிடுவார்.

உறவினருக்கு வந்தது பெரும்பாலும் டெலிரியம் எனும் தற்காலிக மனக்குழப்பமாக இருக்கும். பெரிய ஆபரேஷனுக்குப் பின் முதல் சில நாட்களில் வயதானவர்களுக்கு வரக்கூடியது. பகலில் தெளிவாகப் பேசுவார், இரவில் ஆளே தெரியாது. கிருமித்தொற்று, உப்புச்சத்து குறைவு, வலி, சிறுநீர் அடைப்பு, சில மருந்துகள் என்று பின்னால் ஏதாவது காரணம் இருக்கும். தாயத்து கட்டுவது உங்கள் இஷ்டம். ஆனால் அதற்கு முன் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். கண்ணாடி, காது மெஷின் இருந்தால் கேட்டு மாட்டிவிடுங்கள். இன்ன நாள், இன்ன இடம் என்று நிதானமாகச் சொல்லுங்கள், வாதாட வேண்டாம்.

அப்புறம், குடி. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் நடுக்கம், வலிப்பு, கடும் குழப்பம் வரலாம். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். தனியாகக் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் சில நாள் அழுகையும் எரிச்சலும் சகஜம். எதிலும் நாட்டமில்லாமல், சாப்பாடும் மாத்திரையும் வேண்டாம் என்று இரண்டு வாரம் நீடித்தால் இதய டாக்டரிடமே சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அதுவரை காத்திருக்கக் கூடாது, அன்றே மனநல டாக்டரிடம் காட்டுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வேலூரில் பாகாயம் என்றாலே மனநல ஆஸ்பத்திரிதான் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அங்குள்ள சிஎம்சி மனநல மையம், குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தருவதில் நம் நாட்டில் முன்னோடி. இரவில் அவசரமாகப் பேச வேண்டுமென்றால் 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.