குழல் இருக்கட்டும், வண்டியைச் செய்யுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் கொக்குவிலில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். மிஞ்சிக் கிடந்த பித்தளைத் துண்டில் ஒருநாள் விரல் நீளத்துக்கு ஒரு பீரங்கி கடைந்தேன். அதோடு பித்துப் பிடித்துவிட்டது. வாங்கியதும் செய்ததுமாக இப்போது அலுமாரி நிறையப் பீரங்கிகள். அடுத்து முழு அளவில் ஒன்று செய்து முற்றத்தில் வைக்க ஆசை. அம்மாவோ, "ஷெல்லடியில் பட்டது போதாதா, வீட்டுக்குள்ளே இது என்ன கோதாரி?" என்கிறார். நான் செய்வது பிழையா?

வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

பிழை இல்லை. ஆனால் அம்மாவின் பேச்சைத் தட்டிவிடவும் வேண்டாம். 1990 இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டைக்குள் வாழ்ந்தவர்களுக்குப் பீரங்கி ஒருநாளும் வெறும் காட்சிப்பொருள் ஆகாது. ஒல்லாந்தர் 1706 இல் கோட்டைக்குள் கட்டிய தேவாலயமே அந்த யுத்தத்தில் அழிந்துபோயிற்று. காலையில் கதவைத் திறந்ததும் அம்மாவின் கண்ணில் படுகிற இடத்தில் அதை வைக்காதீர்கள். பட்டறைப் பக்கம் வையுங்கள்.

சின்னப் பீரங்கி செய்வது சிறுபிள்ளை விளையாட்டு என்று யாரும் சொன்னால், கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து அள்ளிக்கொண்டுபோய், 2023 இல் நெதர்லாந்து திருப்பித் தந்த பீரங்கி அங்கே இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம்தான். வெண்கலக் குழலில் பொன், வெள்ளி, மாணிக்கக்கல் வேலைப்பாடு. கைவேலைக்காகவே நின்று பார்க்க வேண்டிய பொருள் அது.

முழு அளவுக் குழல் மட்டும் வேண்டாம். வார்ப்பு இரும்புக்குள் குமிழி இருந்தால் வெளியே தெரியாது. முன்னறிவிப்பும் தராமல் வெடிக்கும். ஸ்கொட்லாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனுக்கும் உங்களைப் போலப் பீரங்கி என்றால் உயிர். 1460 இல் ரொக்ஸ்பரோ முற்றுகையில், அவன் பக்கத்தில் நின்ற அவனுடைய பீரங்கியே வெடித்து அவனைக் கொன்றது. நீங்கள் சுடப்போவதில்லை, சரி. நாளைக்குத் திருவிழா நேரம் யாரோ ஒரு பொடியன் "ஒரு வேட்டுத்தானே அண்ணா" என்று வந்து நிற்பான். மருந்தும் குண்டும் போகிற துளையே இருக்கக்கூடாது. சின்னதிலும் வாயில் கொஞ்சம் குடைந்துவிட்டு நிறுத்துங்கள். கடற்கரையில் கிடைத்தது என்று யாராவது பழைய குழலைக் கொண்டுவந்தால் வாங்கவும் வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். உப்பு ஊறிய இரும்பு காற்றுப் பட்டுக் காய்ந்தால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

முழு அளவில் செய்யத்தான் வேண்டுமா? அப்படியென்றால் குழலைத் தாங்கும் மரவண்டியைச் செய்யுங்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஸ்வீடனில் வார்ப்பித்து வாங்கிய இரும்புக் குழல்கள் நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. அவற்றைத் தாங்கிய மரவண்டிகள் கறையானுக்கும் மழைக்கும் போய்விட்டன. எத்தனையோ கோட்டைகளில் குழலைச் சீமெந்துக் கட்டையில் ஏற்றி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நீங்கள் அனுப்பிய படங்களை வடிவாகப் பார்த்தேன். கடைசல் அருமை. ஆனால் வண்டியின் பக்கப் பலகைகள் மெலிந்து கிடக்கின்றன. குழல்வாயின் அகலம் எவ்வளவோ, பலகையின் தடிப்பும் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். பன்னிரண்டு இறாத்தல் குண்டு போடும் குழலே ஒரு தொன்னுக்கு மேல் நிறை. சுட்டதும் பின்னால் உதைக்கும். கப்பல் பீரங்கியின் வண்டியில் முன் சில்லு பின் சில்லைவிடச் சற்றுப் பெரிது, தளத்தின் சரிவுக்காக. பலகையின் பின்பக்கம் படிபடியாக இறங்குவதை அலங்காரம் என்று நினைத்து உளியால் வழித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அந்தப் படியில் கட்டையை ஊன்றித்தான் குழலின் பின்புறத்தை நெம்பி உயர்த்துவார்கள். அந்த நேரம் கீழே ஆப்பைத் தள்ளியோ இழுத்தோ குறியைச் சரிசெய்வார்கள். குழலின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் உருளைகளை நீங்கள் நட்டநடுவில் வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் முன்னே தள்ளி வையுங்கள். அப்போதுதான் பின்பாரம் ஆப்பின் மேல் உட்காரும்.

மரத்துக்குக் காட்டை வெட்ட வேண்டியதில்லை. இடிக்கிற பழைய வீடுகளில் முதிரை, பாலை உத்தரங்கள் கிடைக்கும். மரக்கலம் கட்டத் தெரிந்த வயதான ஓடாவி, அதாவது தச்சர், ஒருவரைப் பிடியுங்கள். 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாயில் ஓடிய அன்னபூரணிக் கப்பலைக் கட்டியது வல்வெட்டித்துறை. கப்பல் வண்டியின் பொருத்து வேலையை அந்த ஊர்க் கையிடம் கற்றுக்கொள்ளலாம். ஒரு வண்டி சரியாக வந்துவிட்டால் கோட்டைக் குழல் ஒன்றை அதில் ஏற்றுவது பற்றிப் பிறகு தொல்பொருள் திணைக்களத்தோடு கதைப்போம். என்னால் முடிந்த கடிதங்களை நான் எழுதித் தருகிறேன். முதலில் பக்கப் பலகையின் அளவுகளை அனுப்புங்கள்.