அயல்நாட்டுப் பாலர் பள்ளியில் தன்னார்வப் பணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரப் புறப்பகுதிகளில் உள்ள பாலர் பள்ளிகளில் நான் தன்னார்வலராகப் பணியாற்றியதைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, தாங்களும் அவ்வாறு செல்ல விரும்புவதாகப் பல வாசகர்கள் எழுதியுள்ளனர். அவர்களுடைய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி. அடுத்த ஆண்டு ஆறு மாதங்கள் கேப் டவுனின் கயலிச்சா பகுதியில் ஒரு பாலர் பள்ளியில் தன்னார்வலராகப் பணியாற்ற வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. குழந்தைகளுக்குக் கற்பித்த அனுபவம் எனக்கு இல்லை. எவற்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அனுபவம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நீங்கள் ஆசிரியைக்குத் துணையாகவும் அவரிடம் கற்றுக்கொள்பவராகவும் போகிறீர்கள் என்பது மட்டும் உங்கள் மனத்தில் தெளிவாக இருக்கட்டும். அந்தத் தெளிவு இல்லாமல் வருகிற தன்னார்வலர்களால் ஆசிரியைக்கு வேலை இரட்டிப்பாவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பள்ளிகள் தோன்றிய விதத்தை அறிந்துகொண்டு போவது நல்லது. கயலிச்சா என்பது நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1980களில், கறுப்பின மக்களை நகரின் மையத்திலிருந்து வெகு தொலைவில் குடியமர்த்துவதற்காக உருவாக்கப்பட்ட குடியிருப்பு. அங்குள்ள பாலர் பள்ளிகளில் பலவற்றை அரசு தொடங்கவில்லை. விடியற்காலையிலேயே நகரத்துக்கு வேலைக்குக் கிளம்பும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள், தங்கள் வீட்டிலோ, வீட்டை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகையிலோ, தேவாலயக் கூடத்திலோ தொடங்கியவை அவை. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் 42,420 பாலர் கல்வி மையங்கள் இருந்தன. அவற்றில் முறையாகவோ நிபந்தனையுடனோ பதிவு பெற்றிருந்தவை ஏறத்தாழ 40 விழுக்காடு மட்டுமே. பதிவு பெற்ற மையங்களுக்குத்தான் ஏழைக் குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை கிடைக்கும். அதுவும் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 17 ராண்ட் (அந்நாட்டு நாணயம்) என்ற அளவில் 2019 முதல் பல ஆண்டுகள் அப்படியே நின்றிருந்து, 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில்தான் 24 ராண்டாக உயர்த்தப்பட்டது. மற்ற மையங்கள் பெற்றோர் கொடுக்கும் சிறு கட்டணத்தை நம்பியே நடக்கின்றன. ஒரு குடும்பத்தில் வேலை போனால், அந்த மாதம் கட்டணமும் வராது, ஆசிரியையின் சம்பளமும் குறையும். இவ்வளவுக்கும் நடுவில் தினமும் காலையில் மக்காச்சோள மாவுக் கஞ்சி காய்ச்சி, வந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பரிமாறிவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிற பெண்ணிடம்தான் நீங்கள் வேலை கற்கப் போகிறீர்கள். அவர் வகுப்பைப் பார்த்தவுடன் இது இல்லை, அது இல்லை என்று குறிப்பெடுக்கத் தொடங்க வேண்டாம்.

பிறப்பு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கென அந்நாடு 2015இல் வெளியிட்ட தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தைப் போவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். உடல்நலம், தன்னடையாளமும் உரிமையுணர்வும், மொழித் தொடர்பு, கணிதத்தை அறிதல், படைப்பாற்றல், உலகைப் புரிந்துகொள்ளல் என்ற ஆறு வளர்ச்சித் துறைகளாக அது பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியை ஏன் ஒரு பாட்டுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கிறார், ஏன் கை கழுவுவதையே ஒரு பாடமாக நடத்துகிறார் என்பதெல்லாம் அதைப் படித்தவர்களுக்கு எளிதில் விளங்கும். 2022 ஏப்ரல் முதல் பாலர் கல்விப் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியிருப்பதால், பழைய வழிகாட்டிகளில் உள்ள அலுவலக விவரங்களை அப்படியே நம்ப வேண்டாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, மூன்று மாதங்களுக்கு மேல் தங்கப் போவதால் சாதாரணச் சுற்றுலா விசா போதாது. தன்னார்வப் பணிக்கான நீண்டகால வருகையாளர் விசா வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகத்தில் காவல்துறை நற்சான்றுக்கு விண்ணப்பியுங்கள். குழந்தைகளோடு பணியாற்றத் தகுதியற்றவர்களின் பெயர்களைக் கொண்ட தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்பதையும் தென்னாப்பிரிக்காவில் சரிபார்க்க வேண்டும். இதைக் கேட்காமலேயே உங்களை வகுப்பறைக்குள் விடுகிற பள்ளி எதுவாயினும் அங்கே போகாதீர்கள்.

கேள்வி: கயலிச்சாவில் பேசப்படும் கோசா மொழி எனக்குத் தெரியாது, குழந்தைகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்கிறார்கள். அப்படியானால் வகுப்பறையில் எனக்கு என்ன வேலை இருக்கும்? – வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: முதல் சில வாரங்களுக்கு உங்கள் வேலை பார்ப்பதுதான். அதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள்; முன்பருவக் கல்வியில் பயிற்சி பெறும் எவரும் முதலில் கற்க வேண்டிய திறன் உற்றுநோக்கல். ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு, அது யாரோடு விளையாடுகிறது, எதை எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது, அழும்போது யாரிடம் போகிறது என்று கால் மணி நேரம் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். "முரட்டுப் பிள்ளை", "கூச்சமுள்ள பிள்ளை" என்ற முடிவுகள் அந்தக் குறிப்பில் இடம்பெறக் கூடாது. "இரண்டு முறை கட்டையைத் தள்ளிவிட்டான், மூன்றாம் முறை ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தான்" என்பது போல இருக்க வேண்டும். மாலையில் அதை ஆசிரியையிடம் படித்துக் காட்டினால், அந்தப் பிள்ளையின் வீட்டுச் சூழலை அறிந்த அவர், நீங்கள் பார்த்ததன் பொருளை உங்களுக்குச் சொல்வார்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான்கு வயதுப் பையன் ஒருவன் பாயில் உட்கார்ந்து குளிர்பானப் பாட்டில் மூடிகளை நிறவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். ஆசிரியை வந்து அவன் அருகில் தரையில் அமர்ந்தார். உடனே எதுவும் கேட்கவில்லை. அவன் ஒரு சிவப்பு மூடியை எடுத்தபோது, அவன் செய்ததையே கோசா மொழியில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவன் நிமிர்ந்து பார்த்துப் பதிலுக்கு ஏதோ சொன்னான். பிறகு எண்ணத் தொடங்கியவன், ஒரே மூடியை இரண்டு முறை எண்ணி ஐந்து இருந்த இடத்தில் ஆறு என்றான். "தப்பு" என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. மூடிகளை ஒரு வரிசையாக நகர்த்தி வைத்து, ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து எடுத்தார். பையனும் தன் விரலை அதேபோல் வைத்து மறுபடி எண்ணினான். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற கணிதத்தின் அடிப்படை விதியை, கரும்பலகை இல்லாமல், ஐந்து நிமிடத்துக்குள் அவர் கற்பித்துவிட்டார்.

குழந்தை ஓர் ஒலியாலோ பார்வையாலோ சைகையாலோ நம்மை அழைக்கும்போது, நாம் அதற்கு ஏற்ற மறுமொழி தந்து, பிறகு அதன் முறைக்காகக் காத்திருக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் மூளையின் நரம்பிணைப்புகளை வலுப்படுத்தும் முதன்மையான அனுபவம் என்று குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள் கூறுகின்றனர். இதற்குப் பெரிய சொற்களஞ்சியம் தேவையில்லை. வணக்கத்துக்கு "மோலோ", பலர் இருந்தால் "மோல்வேனி", நன்றிக்கு "என்கோசி" என்று தொடங்கி, எண்களையும் உடலுறுப்புகளின் பெயர்களையும் குழந்தைகளிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் அம்மொழியின் ஒலிகள் உங்களுக்கு எளிதில் வராது. உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் மகிழ்ச்சியோ அளவற்றது. மற்ற நேரங்களில் கஞ்சிக் கிண்ணம் கழுவுங்கள், கழிவறைக்கு அழைத்துச் செல்லுங்கள், மதியத் தூக்கத்துக்குப் பாய் விரியுங்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் 20 பேருக்கு ஒருவர் என்பது அந்நாட்டு விதிமுறை; நடைமுறையில் அதற்கு மேலும் இருப்பார்கள். நீங்கள் இந்த வேலைகளை ஏற்றுக்கொண்டால், ஆசிரியைக்கு அந்தப் பையனின் அருகில் உட்கார நேரம் கிடைக்கும்.

கேள்வி: நான் நன்றாக ஆங்கிலம் பேசுவேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தால் அவர்களின் எதிர்காலத்துக்கு உதவுமல்லவா? – வாசகி, சென்னை

பதில்: பெற்றோர் சிலரும் உங்களிடம் அதைத்தான் கேட்பார்கள். 2021இல் அங்கே நான்கு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட தேசிய அளவிலான மதிப்பீட்டில், பாலர் கல்வி மையங்களுக்குச் செல்லும் குழந்தைகளிலேயே 57 விழுக்காட்டினர் தங்கள் வயதுக்குரிய கற்றல் நிலையை எட்டவில்லை என்று தெரியவந்தது. ஆகவே பெற்றோரின் கவலை நியாயமானது. அதற்கு மருந்து எழுத்துப் பயிற்சி அன்று. தாய்மொழியில் நிறையக் கதை கேட்டு, நிறையப் பேசி, சொற்களின் ஒலிகளை வைத்து விளையாடிய பிள்ளைதான் பின்னாளில் எந்த மொழியின் எழுத்தையும் விரைவில் பற்றிக்கொள்ளும். உங்கள் ஆங்கிலத்தை ஆசிரியைக்குப் பயன்படுத்துங்கள்: பதிவுக்கான விண்ணப்பங்களை நிரப்பவும், அவர் பாலர் கல்விக்கான நான்காம் நிலைச் சான்றிதழுக்குப் படித்துக்கொண்டிருந்தால் ஒப்படைப்புகளைத் தட்டச்சு செய்யவும் உதவுங்கள்.

கேள்வி: என் மகளுடைய கல்லூரியில், கம்போடியாவில் உள்ள ஓர் அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் சிறு குழந்தைகளைப் பராமரிக்கும் பயணத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். அனுப்பலாமா? – வாசகர், டொரண்டோ

பதில்: அனுப்ப வேண்டாம். உங்கள் மகளின் நல்லெண்ணத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் என் பதில் அதுதான்.

கம்போடியாவிலும் வேறு பல நாடுகளிலும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை காரணமாகவே அவர்கள் அங்கே விடப்பட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு விருந்தினர்களின் பணம் வந்துகொண்டிருக்கும் வரை, இல்லங்களைப் பிள்ளைகளால் நிரப்பி வைக்கும் தூண்டுதலும் இருக்கும். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் காப்பகங்களில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளைக் கொண்டு 2000களின் தொடக்கத்தில் தொடங்கிய ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள், காப்பகத்திலேயே தொடர்ந்தவர்களைவிட அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் முன்னேறினர். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குச் சென்றவர்களிடம் அந்த முன்னேற்றம் மிகுதியாக இருந்தது. மாறாத ஒரு முகம் தேவைப்படும் வயதில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிய முகம் வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்தக் குழந்தைக்கு மேலும் ஓர் இழப்பு. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை குழந்தை உரிமைகள் குறித்து நிறைவேற்றிய தீர்மானமும் இத்தகைய தன்னார்வப் பயணங்களால் விளையும் தீங்கைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. மாலையில் தத்தம் வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகள் படிக்கும் பாலர் பள்ளியில், நீண்ட காலம் தங்கி, உள்ளூர் ஆசிரியையின் கீழ் பணியாற்றும் வாய்ப்பு கிடைத்தால் உங்கள் மகளை மகிழ்ச்சியோடு அனுப்பி வையுங்கள்.

கேள்வி: குழந்தைகளோடு எடுத்த படங்களைச் சமூக ஊடகங்களில் பகிரலாமா? – வாசகர், சேலம்

பதில்: கூடாது. பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலும் பள்ளியின் அனுமதியும் இருந்தாலும்கூட, முகம் தெரியும் படங்களைப் பகிர வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: இங்கிருந்து கல்வி விளையாட்டுப் பொருள்கள் வாங்கிச் செல்ல நினைக்கிறேன். எவற்றை எடுத்துப் போகலாம்? – வாசகி, மதுரை

பதில்: பெட்டியின் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986–87இல், உடல் வளர்ச்சி குன்றிய 129 சிறு குழந்தைகளைக் கொண்டு, குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் சாலி கிரந்தம் மெக்ரெகரின் குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு உள்ளூர்ச் சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒருமுறை, இரண்டு ஆண்டுகள் சென்று, வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்த பொம்மைகளை வைத்து, பிள்ளையோடு எப்படி விளையாடிப் பேச வேண்டும் என்று தாய்மார்களுக்குக் காட்டிக்கொடுத்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, அந்த விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களுடையதைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. செய்தவர்கள் அதே ஊர்ப் பெண்கள். பொருள்களும் அதே ஊர்ப் பொருள்கள்.

கடையில் வாங்கிய பொம்மை உடைந்தால் அதோடு போயிற்று. விலை மிகுந்ததாக இருந்தால் ஆசிரியை அதை அலமாரியில் பூட்டி வைப்பார். பாட்டில் மூடி, அட்டைப் பெட்டி, துணிக் கிழிசல், மணல், தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு அவரோடு சேர்ந்து செய்யுங்கள். நம் அங்கன்வாடிகளில் காகிதக்கூழ், தென்னை ஓலை, புளியங்கொட்டை கொண்டு செய்யும் பொருள்களை ஒருமுறை அருகிலிருந்து பார்த்துவிட்டுப் போனால், பரிமாறிக்கொள்ள உங்களிடமும் கைவேலை இருக்கும்.

கேள்வி: பணிக்காலம் முடிந்து புறப்படும்போது குழந்தைகள் ஏங்கிப் போக மாட்டார்களா? சொல்லாமல் வந்துவிடுவது நல்லதா? – வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: சொல்லாமல் மட்டும் வரக்கூடாது. நேற்றுவரை இருந்தவர் இன்று காணாமல் போனால், தான் ஏதோ தவறு செய்ததாகவே சிறு பிள்ளை எண்ணிக்கொள்ளும். புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஆசிரியையிடம் கலந்து பேசி, அவரைக் கொண்டே பிள்ளைகளிடம் சொல்லச் செய்யுங்கள். எத்தனை நாள் என்பது நான்கு வயதுக்கு விளங்காது. ஆகவே சுவரில் ஒரு காகிதச் சங்கிலியை மாட்டி, நாளுக்கு ஒரு வளையமாக அவர்களே கழற்றட்டும். "திரும்பி வருவேன்" என்று உறுதியில்லாமல் வாக்குக் கொடுக்காதீர்கள். கடைசி வாரங்களில் உங்கள் மடிக்கு ஓடி வருகிற பிள்ளையை, மெல்ல ஆசிரியையின் பக்கம் அழைத்துச் சென்று, மூவருமாக உட்கார்ந்து விளையாடுங்கள். பிறகு நீங்கள் எழுந்து கிண்ணம் கழுவப் போய்விடலாம்.