மாடல் ரயில் கேள்வி பதில்: முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முப்பது வருஷமாக எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கி, ரயில் செய்துகொண்டிருப்பவன். தண்டவாளம், கைக்கருவி, மலை, மரம் என்று எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எலக்ட்ரானிக்ஸில் நான் அரைகுறை. எந்தக் கடையில் என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள்.

சேலத்திலிருந்து: பத்து வயதுப் பையனுக்கு முதல் செட் வாங்க வேண்டும், அண்ணா. எந்த அளவு நல்லது?

எச்.ஓ. வாங்குங்கள். ‘N’ என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கும் சின்ன அளவு (1:160) இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் சின்ன விரல்களுக்குக் கழன்ற சக்கரத்தைத் திரும்பத் தடத்தில் ஏற்றுவது கஷ்டம். தரையில் விரிக்காமல் ஒரு பலகைமேல் ஓட்டச் சொல்லுங்கள். தரையில் இருக்கும் தலைமுடியும் பாய் நூலும் எஞ்சினின் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

மதுரையிலிருந்து: தண்டவாளம் கறுத்துவிட்டது, வண்டி திக்கித் திக்கி நிற்கிறது. உப்புத்தாளால் தேய்த்தால் பளபளவென்று வருகிறது. தொடரலாமா?

வேண்டாம். இன்றைக்கு இதை எத்தனை தடவை சொல்லப்போகிறேனோ, முதல் தடவை கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தண்டவாளம் அநேகமாக நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பழைய பித்தளைத் தண்டவாளத்தில் படியும் களிம்பு, தண்டவாளம் வழியாக எஞ்சினுக்குப் போகும் மின்சாரத்தை அடியோடு மறிக்கும். நிக்கல் சில்வரில் அந்தத் தொல்லை குறைவு. நீங்கள் பார்க்கும் கறுப்பில் பெரும்பங்கு சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே பறக்கும் நுண்பொறிகள் விட்டுப்போன கரி. கூடவே எண்ணெயும் ஃபேன் கிளப்பும் தூசியும் சேர்கின்றன. உப்புத்தாளால் தேய்த்தால் அது போய்விடும், சரி. ஆனால் தாள் போட்ட கீறல்கள் அப்படியே இருக்கும். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், உழுத வயல் மாதிரி தெரியும். அடுத்த வாரம் அழுக்கு அந்தச் சால்களில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பத்து நாளில் கறுத்தது இனி மூன்றே நாளில் கறுக்கும்.

மருந்துக் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். பழைய பனியன் துணியை அதில் நனைத்து விரலில் சுற்றித் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நின்றால் போதும். சக்கரங்களையும் துடைக்க வேண்டும், பாதிப்பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கோவையிலிருந்து: வெளிநாட்டுக் கருவி செட் இல்லாமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க முடியாது என்கிறார்களே?

உங்கள் ஊரில் ராஜ வீதியை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியா, சார்! நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடை எதிலாவது ஏறுங்கள். ஊசி அரம் செட், மயிரிழை மாதிரி ரம்பத்தகடு, அதைப் பூட்டும் வில், கூர்மூக்குக் குறடு, கையால் சுழற்றும் குட்டித் துளைப்பான், கண்ணில் மாட்டும் லென்ஸ் என்று எல்லாம் ஒரே மேசையில் கிடக்கும். தாலிக்கொடிக்குக் கண்ணி பற்றவைக்கும் தொழிலைவிட நம் வேலை ஒன்றும் நுணுக்கமானது இல்லை.

என் ரம்ப வில் அப்படி வாங்கியதுதான். கடைக்காரப் பெரியவர், “பல் கைப்பிடியைப் பார்த்து இருக்கணும், இழுக்கும்போதுதான் அறுக்கணும்” என்று சொல்லி ஒரு தகட்டை மாட்டியே காட்டினார். தகட்டை வில்லில் மாட்டி விரலால் சுண்டினால் வீணைத் தந்தி மாதிரி ‘டிங்’ என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் தகடு தளர்ந்திருக்கிறது, முதல் இழுப்பிலேயே ஒடியும். தண்டவாளத்தை இந்த வில்லால் அறுங்கள். கட்டிங் பிளையரால் நறுக்கினால் முனை நசுங்கும், இரண்டு தண்டவாளத்தை இணைக்கும் ஃபிஷ் பிளேட் ஏறாது.

காசு போட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: மில்லிமீட்டரின் பின்னத்தையும் அளக்கும் நல்ல வெர்னியர். சக்கரங்களின் உள் இடைவெளியை அளக்காமல் “வண்டி பாயின்ட்டில் (தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில்) குதிக்கிறது” என்று வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

சால்டரிங்குக்கு ஒரு எச்சரிக்கை. பாத்திரம் பற்றவைக்கும் திராவகப் பசை வேண்டாம். அன்றைக்கு அருமையாக ஒட்டும், ஆறு மாதத்தில் வயர் பச்சை பூத்து உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். நடுவில் ரோசின் வைத்த ஈயக்கம்பி போதும்.

குன்னூரிலிருந்து: எட்டடிக்கு இரண்டடி பலகை இருக்கிறது. நீலகிரி மலை ரயிலைச் செய்ய ஆசை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை முடியுமா?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் கணக்கு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பாதை ஏறத்தாழ 20 கிலோமீட்டர், ஏற்றம் 1,300 மீட்டருக்கு மேல். 87-ஆல் வகுத்தால் நீளம் 230 மீட்டர், உயரம் 15 மீட்டர். உங்கள் பலகை ஐந்து மாடி ஏற வேண்டும். ஆகவே கல்லாறை மறந்துவிட்டு ஒரே ஒரு நிலையத்தை எடுங்கள். என்னைக் கேட்டால் ஹில்குரோவ். எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும் இடம், சின்ன பிளாட்பாரம், பின்னால் சரிவு, கூரையெல்லாம் குரங்கு.

சரிவைப் பொறுத்தவரை, நிஜப் பாதை சுமார் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி என்று ஏறுகிறது. சாதாரண மாடல் எஞ்சின் முப்பதுக்கு ஒன்றிலேயே மூச்சு வாங்கும். நிஜத்தில் நடுவில் ஆப்ட் முறையில் இரட்டைப் பற்சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளித் தள்ளி வைத்திருப்பதால் எஞ்சினின் பல்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தே இருக்கும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். பற்சட்டம் வந்ததும் அந்த இரண்டில் உழைத்து வெளிவரும் நீராவியே மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். மாடலில் இதற்காக மெனக்கெட வேண்டாம். எச்.ஓ.எம். எனப்படும் 12 மி.மீ. தடத்துக்கு சுவிஸ் மலை ரயில்களை ஒட்டிப் பற்சட்டம் விற்கிறார்கள், அதைப் போடுங்கள். இல்லையென்றால் நிலையத்தைச் சமமாக வைத்து, பின்னணி மலையையும் மரங்களையும் சாய்த்துக் கண்ணை ஏமாற்றுங்கள்.

பலரும் தப்பு விடும் ஒரு விஷயம்: எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் உண்டு, முன்பெட்டிக்காரர் கையில் கொடி. அந்த இரண்டு சென்டிமீட்டர் மனிதரை வைக்காமல் விட்டால் மீதி எல்லாம் சரியாக இருந்தும் அது நீலகிரி ரயில் ஆகாது.

தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைச் சின்னச் சின்னதாகக் கத்தரித்து ஒட்டுங்கள். மண்ணுக்கு, வடிகட்டிய டீத்தூள். வெயிலில் சருகாகக் காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டு, ஒரு மழைக்காலத்தில் என் மலை முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். பார்த்தவர்கள் பனி என்று பாராட்டினார்கள்.

வேலூரிலிருந்து: எஞ்சினை டிஜிட்டல் கட்டளையால் ஓட்டும் டி.சி.சி. முறையில், எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடரில் சத்தம் ஏற்றுவது எப்படி?

முன்னாலேயே சொன்னேன், அது என் துறை இல்லை. டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற இலவசத் திட்டத்தை அர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையில் ஓட்டுகிறவர்களைப் பிடியுங்கள்.

தாம்பரத்திலிருந்து: ஆயிரம் நம்பர் உப்புத்தாள் மெல்லியதுதானே, அதனால் தேய்க்கலாமா?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கீறல் மெல்லியதாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

திருச்சியிலிருந்து: பொன்மலைக்காரன் கேட்கிறேன். நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. நீங்களெல்லாம் ஓட்டுவது 16.5-இல். அது ஐரோப்பாக்காரன் பாதை. அதன்மேல் சென்னை ஐ.சி.எஃப். ஆலையின் பெட்டியை ஏற்றி “இந்திய ரயில்வே” என்று சொல்ல வெட்கமாக இல்லையா?

வெட்கம் கொஞ்சம் இருக்கிறது, சார். உங்கள் கணக்கு சரி. 14 சதவீதம் ஒடுங்கிய பாதை. நேர் எதிரே குனிந்து பார்த்தால் பெட்டி ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு மாதிரிதான் தெரியும்.

ஆனால் நாம்தான் முதல் குற்றவாளிகள் இல்லை. இங்கிலாந்தில் 1:76 அளவில் செய்து அதே 16.5-இல்தான் ஓட்டுகிறார்கள். அவர்கள் வண்டி சிறியது, அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை, உடலைப் பெரிதாக்கிப் பாதையை அப்படியே விட்டார்கள். சரியான அளவு 18.83 என்று ஒரு கூட்டம் இன்றுவரை தனித்தடம் போடுகிறது. நானும் ஒருமுறை 19.3-இல் இரண்டடி போட்டேன். பார்க்க அழகு. அப்புறம் ஒரே ஒரு பாயின்ட் செய்ய மூன்று ஞாயிறு போனது, அச்சை நீட்டிய எஞ்சின் அதற்குமேல் ஓடவே இல்லை. கடையில் வாங்கும் எந்தச் சக்கரமும் உதவாது என்றால் எத்தனை பேர் இதில் தங்குவார்கள்?

நாகர்கோவிலிலிருந்து: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பாதையை விட்டுவிட்டு வண்டியைச் சுருக்கலாமே? 1:100 வைத்தால் 16.5 கிட்டத்தட்ட சரியாக வருகிறது.

வரும். சரியாகச் சொன்னால் 1:101.6. ஆனால் அப்புறம் ஆள், வீடு, லாரி, போகி எல்லாம் நீங்களே செய்ய வேண்டும். 1:87 மனிதரை அந்தப் பிளாட்பாரத்தில் நிறுத்தினால் ஊரே ஆறடிக்காரர்கள்.

திருச்சியிலிருந்து மறுபடி: சோம்பேறித்தனத்துக்குக் கணக்கு சொல்கிறீர்கள். பெட்டிக்கு ஜன்னல் கம்பி எண்ணுகிறவர் பாதையில் கோட்டை விடலாமா?

ஜன்னல் கம்பி கண்ணுக்கு நேரே இருக்கிறது, பாதை பெட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. இது சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: மீட்டர் கேஜுக்கு வாருங்கள். ஆயிரத்தை 87-ஆல் வகுத்தால் 11.5. கடையில் கிடைக்கும் தடம் 12. அரை மில்லிமீட்டர்தான் பிசகு. உங்கள் திருச்சி வழியாக எத்தனை வருஷம் ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சின் ஓடியது! பாம்பன் பாலத்திலும் 2007 வரை மீட்டர் கேஜ்தான். அகலப்பாதையில் நாம் எல்லோரும் பொய் சொல்கிறோம், மீட்டர் கேஜில் மட்டும் உண்மைக்குப் பக்கத்தில் போக முடிகிறது.

பெரம்பூரிலிருந்து: இருவரும் நிறுத்துங்கள் சார், என் கேள்வி காத்திருக்கிறது. எல்.எச்.பி. என்ற புது மாதிரி நீளப் பெட்டி 18 அங்குல ஆர வளைவில் கழன்றுகொண்டே இருக்கிறது.

நிஜப் பெட்டி கிட்டத்தட்ட 24 மீட்டர், மாடலில் 27 சென்டிமீட்டருக்கு மேல். வளைவின் ஆரம் பெட்டியைப் போல மூன்று மடங்காவது வேண்டும், அதாவது 80 சென்டிமீட்டர். இடம் இல்லையா, பெட்டியைக் குறைக்காதீர்கள், வளைவை விட்டுவிட்டு நேர்த்தடத்தில் ஒரு நிலையம் செய்யுங்கள். 24 பெட்டி கேட்காதீர்கள், அது ஆறரை மீட்டர்.

தஞ்சாவூரிலிருந்து: ஜல்லிக்கு என்ன போடுவது?

நிஜ ஜல்லி 65 மி.மீ. வரை. மாடலில் முக்கால் மி.மீ. எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, மேலே நிற்பதைத் தள்ளிவிடுங்கள், கீழே விழுந்ததில் மாவை ஊதிவிடுங்கள். பிரஷ்ஷால் பரப்பி, வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீரும் இரண்டு சொட்டு ஷாம்புவும் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஷாம்பு இல்லாவிட்டால் சொட்டு முத்து மாதிரி உருண்டு ஜல்லியைத் தூக்கிக்கொண்டு போகும்.

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்பு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை என் பழைய எஞ்சின் சொல்லும்: கருமணலில் இரும்புத்தாது உண்டு. ஓடும் எஞ்சின் அந்தத் துகள்களைத் தன் மோட்டார் காந்தத்துக்கு இழுத்துக்கொண்டது. திறந்தபோது உள்ளே கறுப்புத் தாடி. எந்த மணலானாலும் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி நாலு தடவை ஓட்டிவிட்டுப் போடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: தெர்மாகோல் மலையில் ஒட்டுப்பசை பட்டதும் குழி விழுந்துவிட்டது.

ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான் தின்றுவிட்டது. வெள்ளைப் பசை மட்டும். ஸ்ப்ரே பெயின்ட்டும் கூடாது. குழியைக் கிணறாக்கிவிடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து: உப்புத்தாள் கூடாது என்று படித்தேன். வாட்டர் பேப்பர்?

அதற்கும் பெயர் உப்புத்தாள்தான், அம்மா. தண்ணீரில் நனைத்தால் புனிதமாகிவிடாது.

திருச்சியிலிருந்து மூன்றாம் முறை: ஒரு ஒய்.டி.எம்.-4 பாதி செய்து பெட்டியில் வைத்திருக்கிறேன். 12 மி.மீ.-இல் போட்டுக் காட்டுகிறேன். அந்த அரை மில்லிமீட்டரும் எனக்கு உறுத்துகிறது.

கொண்டு வாருங்கள். வெர்னியர் என்னிடம் இருக்கிறது.