வெந்த கிழங்கில் நுரை வராது

வணக்கம் அக்கா. மகளின் பள்ளிச் செய்முறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடில் வேகவைத்த உருளைக்கிழங்கைப் போட்டும் நுரை வரவில்லை, கடையில் வாங்கிய மருந்து பழசா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மருந்தின் மேல் சந்தேகமில்லை, கிழங்கை வேகவைத்ததுதான் கோளாறு.

பச்சைக் கிழங்கில் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. பெராக்சைடு தானாக நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைய மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல் ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். கேட்டலேஸ் அதைவிடத் தாழ்வான வேறு வழியைத் திறந்துவிடுகிறது, தான் செலவாவதில்லை. ஆனால் அது புரதம். கொதிநீரில் அதன் மடிப்பு குலைந்தால், பெராக்சைடு வந்து பொருந்தும் இடமே போய்விடும்.

பச்சைத் துண்டைத் துருவிப் போடுங்கள். வெட்டுப்பட்ட செல்கள் அதிகமாக, நுரை பொங்கி வரும். அணையும் தறுவாயில் உள்ள ஊதுபத்தியை மேலே காட்டினால் கங்கு பளிச்சென்று சிவக்கும். அது ஆக்சிஜன். பெராக்சைடை இதேபோல உடைக்கும் மாங்கனீஸ் டை ஆக்சைடு கிடைத்தால் அதையும் நீரில் கொதிக்கவைத்துப் போட்டுப் பாருங்கள், அது புரதமல்ல என்பதால் அப்போதும் நுரைக்கும். மகளுக்கு அந்த வித்தியாசத்தை அவசியம் காட்டுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளட்டும்.