கடற்கரையில் பறவை பார்க்கச் சரியான நேரம் எது?

கேள்வி: மண்டபம் பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்னைப் பூங்கா ஒன்றில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிய பறவை நோக்கலில் கலந்துகொண்டபோது குக்குறுவான், மரங்கொத்தி ஆகியவற்றை அருகிலேயே பார்த்தேன். அதேபோல் சென்ற மார்கழியில் மாணவர்களை விடியற்காலையில் தனுஷ்கோடிக்கு அழைத்துச் சென்றால், தொலைவில் வெள்ளைப் புள்ளிகளே தெரிந்தன. எந்த நேரத்தில் செல்ல வேண்டும்?

பதில்: பூங்காவுக்கு விடியற்காலைதான் ஏற்ற நேரம். மரத்துப் பறவைகள் வெளிச்சம் வந்ததும் இரை தேடிவிட்டு, வெயில் ஏறியதும் இலைமறைவில் அடங்கிவிடும். ஆனால் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகளின் பொழுதைத் தீர்மானிப்பது கடல்நீர். நீர் வற்றினால் இரவிலும் அவை சேற்றில் மேயும். நன்றாக வற்றிய வேளையில் வெகுதூரம் பரவியிருக்கும் அவற்றை, ஏறிவரும் நீர்தான் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே, நீர் ஏறத் தொடங்கிய பிறகு போய் அமைதியாக உட்காருங்கள். நம் கரையில் நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், தரை தட்டையாக இருப்பதால் ஒரு சாண் ஏறினாலே பெரும்பரப்பு மூழ்கிவிடும். நீர் ஏறும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்; வாடைக்காற்று பலமாக வீசினால் இந்தக் கணக்கும் மாறும். உங்கள் மாணவர்களில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் வீட்டில் கேட்டு நாளைக் குறிப்பதே சிறந்தது. காலையில் கிழக்கு நோக்கிப் பார்த்தால் எந்தப் பறவையும் கருநிழலாகத்தான் தெரியும் என்பதால், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.

பூங்காவில் குரலைக் கொண்டு பறவையை அறிகிறோம். இங்கே நடையையும் அலகையும் பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். அது கண்ணால் இரை தேடும் பறவை. உள்ளானோ தையல் இயந்திரத்து ஊசிபோல அலகைச் சேற்றில் விடாமல் இறக்கி ஏற்றி, தொடுவுணர்வால் தேடும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் பிள்ளைகள் பாதிக் கரையை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

நீங்கள் கண்ட வெள்ளைப் புள்ளிகள் பூநாரைகளாக (ஃபிளமிங்கோ) இருக்கக்கூடும். அவற்றுக்காகவே 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. படம் எடுப்பதற்காக அவற்றை எழுப்பிப் பறக்கவிடுவதைப் பார்க்கையில் மனம் பொறுப்பதில்லை. நெடும்பயணத்துக்காக உடலில் சேர்த்த கொழுப்பை அவை அப்படி வீணாக்க நேர்கிறது. தலை நிமிர்ந்து மேய்ச்சல் நின்றதென்றால், நீங்கள் வேண்டியதைவிட நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள்.

இருநோக்கி (பைனாகுலர்) ஒன்றிரண்டே கைவசம் இருக்குமானால், முதல் பயணத்துக்குக் கடற்கரையைவிடச் சக்கரக்கோட்டைக் கண்மாயையே பரிந்துரைப்பேன். இராமநாதபுரம் நகரை ஒட்டியுள்ள இது 2025இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மழை பெய்து நீர் நின்ற ஆண்டில் மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன் போன்ற பெரிய பறவைகளைப் பிள்ளைகள் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே உங்கள் ஆறு மணிக் கணக்கும் பொருந்தும். ஜனவரியில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போது சென்றால், 15 நிமிடம் கண்டதைக்கூட, பறவைகளைக் குறித்துவைக்கும் இ-பேர்டு (eBird) செயலியில் பட்டியலாகப் பதியலாம். வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.